இடப்பக்கம் சாய்ந்த எழுத்து

பெனிட்டா இரண்டு சீட்டுகளைச் சன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெயர்கள் வேறு, எழுத்து ஒன்று. மூன்றாவதை எடுத்தாள், நான்காவதை எடுத்தாள். இருபத்தாறு சீட்டிலும் எழுத்துகள் காற்றில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி இடப்பக்கமாகவே சாய்ந்திருந்தன.

காமயகவுண்டன்பட்டியின் அந்த மாலைநேரப் படிப்பு மையத்துக்கு மதுரையிலுள்ள ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்து வந்தது. அதன் ஆய்வாளரான பெனிட்டா முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இறங்கியிருந்தாள். அவள் எழுதப்போகும் அறிக்கையைப் பொறுத்துத்தான் அடுத்த வருட நிதி. அது நின்றால் இந்த அறை பூட்டப்படும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பழையபடி திராட்சைத் தோட்டத்துக்குப் போய், ஆத்தாமார் வேலை முடிக்கும்வரை பந்தலுக்கடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அறக்கட்டளை ஒரே ஒரு விஷயத்தில் கறார். பெற்றோர் அறியாத படிப்புக்கு நிதி இல்லை. மாதம் ஒருமுறை தாயோ தகப்பனோ சீட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் தர வேண்டும்.

ஜூன் மாதச் சீட்டுகளில் அத்தனையும் கைநாட்டு. ஜூலையில் நாலைந்து பேர் பெயர் எழுதியிருந்தார்கள், செப்டம்பரில் பாதிப் பேர். இந்த நவம்பரில் ஒரு கைநாட்டுகூட இல்லை. மையத்தை நடத்துகிறவளுக்குத் துணிச்சல் மாதத்துக்கு மாதம் கூடியிருக்கிறது என்று பெனிட்டா நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் வேறோர் ஊரில், இல்லாத பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு காட்டி அவளை ஏமாற்றியிருந்தார்கள். அதிலிருந்து அவள் யாரையும் எளிதில் நம்புவதில்லை. இங்கே மையத்தை நடத்தும் மகாலட்சுமி டீச்சர் ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை கொண்டுவந்து வைத்தபோதுகூட, இது எதற்கு என்றுதான் தோன்றியது. சந்தேகம் குடிவந்த மனசுக்கு உபசாரமும் லஞ்சமாகத் தெரிகிறது, என்ன செய்ய?

டீச்சர் பலகையில் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். ‘வீட்டுப்பாடம்: இன்று படித்ததை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடு.’ அந்த எழுத்துகளும் அச்சு அசலாக இடப்பக்கம் சாய்ந்திருந்தன. பெனிட்டாவுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

“டீச்சர், இதெல்லாம் நீங்க போட்டதா?” சீட்டுகளை நீட்டினாள்.

மகாலட்சுமிக்கு முகம் வெளிறிவிட்டது. “சத்தியமா இல்ல மேடம். பிள்ளைககிட்டக் குடுத்துவிடுவேன், மறுநா அதுக கொண்டாந்துரும்.”

“அப்ப பிள்ளைகளே போட்டிருக்கும்.”

“எனக்கும் அந்தப் பயம் இருக்கு மேடம். கேக்கத்தான் தைரியம் வரல.”

முன்வரிசையில் இருந்த எட்டு வயது முனீஸ்வரியை பெனிட்டா கூப்பிட்டாள். அவள் அம்மா ராமுத்தாயின் சீட்டைக் காட்டி, இதை எழுதியது யார் என்று பதமாகத்தான் கேட்டாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

“ஆத்தா யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கு.”

அத்தோடு முடிந்தது. அறிக்கையில் எழுத வேண்டியது ‘போலி’ என்ற ஒரு சொல்தான். ஒரு சொல்லால் இருபத்தாறு பிள்ளைகளின் சாயங்காலத்தைப் பறிக்கப் போகிறோமே என்று பெனிட்டாவுக்கு நெஞ்சு உறுத்தியது. ‘மாதாவே, அவசரப்பட்டுவிடாமல் காப்பாற்று’ என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, தாய்மார் வரும்வரை பொறுத்திருந்தாள்.

ஐந்தரை மணிக்கு லோடு ஆட்டோ வந்து நின்றது. தோட்டத்து வேலை முடித்த பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக இறங்கினார்கள். அடுப்பு மூட்ட வேண்டிய அவசரம் எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் டீச்சர் கேட்டுக்கொண்டதற்காக வாசலில் நின்றார்கள்.

பெனிட்டா ராமுத்தாயை உள்ளே அழைத்து, சீட்டில் இருப்பது அவள் கையெழுத்துத்தானா என்று கேட்டாள். ராமுத்தாய் மகளைப் பார்த்தாள். மகள், நான் எதுவும் சொல்லவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். அதையும் பெனிட்டா கவனித்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். “உங்க கையெழுத்துன்னா இதுல ஒருக்கா போடுங்கம்மா.”

“இத்தன பேரு முன்னாலயா?” ராமுத்தாய் கூசிப்போய் நின்றாள்.

வாசலிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். “போடு மதினி. சொத்தவா எழுதிக் கேக்குறாக?”

பெண்கள் சிரித்தார்கள். ராமுத்தாய் சிரிக்கவில்லை. திராட்சைக் கறை படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பேனாவை அரிவாள் பிடிப்பது மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் எழுத்து விழுவதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. இரண்டாவது எழுத்தில் கை நின்றது. முனீஸ்வரியின் உதடு அசைந்தது. ராமுத்தாய் வேண்டாமென்று கையமர்த்திவிட்டு, தானாகவே யோசித்து மேலே எழுதினாள்.

ஐந்து எழுத்து. ஐந்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

பெனிட்டா தாளை வாங்கக் கை நீட்டினாள். ராமுத்தாய் அவளிடம் கொடுக்கவில்லை. மகாலட்சுமியிடமும் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற எட்டு வயது மகளின் முகத்துக்கு நேராகத் தாளைப் பிடித்து, பயந்துகொண்டே கேட்டாள்:

“சரியா இருக்கா, டீச்சர்?”