பம்பு வாங்கிய பெயர்

ஒரு பந்தயக் காரின் பெட்ரோல் டேங்கிற்குள் ஒரு பம்பு இருந்தது. பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்புவது அதன் வேலை. நேர்ப்பாதையில் ஒரு குறையும் இல்லை. பெரிய வளைவு வந்தால் மட்டும் எஞ்சின் இருமிக்கொண்டு நிற்கப் பார்க்கும்.

"சோம்பேறிப் பயலே, என்னைப் பட்டினி போட்டே தோற்கடிக்கிற. உன்னைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினாத்தான் ஆகும்" என்றது எஞ்சின்.

பம்பு திருப்பிக் கேட்டது: "கனம் ஆகாது, கால் டேங்க் போதும்னு அடம்பிடிச்சது யாரு அண்ணாச்சி? இருக்கிற கொஞ்சமும் வளைவுல ஒரு மூலைக்கு ஓடிப்போகுது. என் வாய்க்குக் காத்துதான் எட்டுது. அதைக் குடிப்பீங்களா?"

"வேலை செய்யத் தெரியாதவனுக்கு வாய் மட்டும் நீளம்."

மறுநாள் பம்பைக் கழற்ற மெக்கானிக் வந்தார். டேங்கின் மூடியைத் திறந்து, வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். பெட்ரோல் முழுக்க மூலைக்கு ஓட, பம்பின் வாய் காய்ந்து நின்றது. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். பம்பைச் சுற்றி ஒரு சின்னத் தடுப்புப் பெட்டி பொருத்தினார். உள்ளே வந்த பெட்ரோல் சட்டென்று வெளியே ஓட முடியாது.

அடுத்த பந்தயத்தில் எஞ்சின் ஒரு வளைவிலும் இருமவில்லை. வண்டி முதலாவதாக வந்தது. இனியாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பம்பு காத்திருந்தது.

எஞ்சின் பக்கத்து வண்டி எஞ்சினிடம் பேசிக்கொண்டிருந்தது: "நம்ம பம்பு சரியான சோம்பேறியா இருந்தான். நான் போட்ட போடுல திருந்திட்டான்."