மிச்சமிருக்கும் ஒரே முடிவு

“நான் ஒண்டும் சொல்லமாட்டன், அம்மா. கேள்விதான் கேப்பன். முடிவை நீங்களே சொல்லுவியள்,” என்றாள் கீர்த்தனி.

மேசைக்கு எதிரே யோகம்மா கதிரையின் நுனியில் இருந்தாள். பக்கத்தில் மகள் கஜந்தினி. சல்லியிலிருந்து பஸ் பிடித்து இருவரும் நகரத்திலுள்ள இந்தப் பிரதேச செயலக அலுவலகத்துக்கு வருவது முதல் தடவையல்ல.

கடலுக்கு மீன்பிடிக்கப் போன அவளுடைய கணவர் கோணாமலை திரும்பவேயில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் அவர் பெயரிலுள்ள வளவுக் காணி யோகம்மாவுக்கு மாறும், மாறினால்தான் வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு கிடைக்கும். ஆனால் கையெழுத்து வைக்கிற இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் யோகம்மா எழுந்து போய்விடுவாள்.

அதனால்தான் இன்று அவளைக் கீர்த்தனியிடம் அனுப்பியிருந்தார்கள். இந்த வேலைக்கு வருமுன் கீர்த்தனி உயர்தர வகுப்புக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பித்தவள். ஒன்றிலிருந்து அடுத்ததென்று படிப்படியாகக் கொண்டுபோய், தப்ப வழியில்லாமல் முடிவில் நிறுத்துவாள். அவளிடம் போய்க் கையெழுத்து வைக்காமல் திரும்பியவர்கள் இல்லை. “அந்த மிஸ்ஸுக்கு நெஞ்சு கல்லு” என்று வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பவர்கள் சொல்வார்கள்.

“போட் கிடைச்சதோ, அம்மா?”

“ஓம். கவிண்டு கிடந்ததெண்டு மூதூர்ப் பொடியள் இழுத்துக்கொண்டு வந்தவங்கள்.”

“அவருக்கு நீந்தத் தெரியுமோ?”

“மீன்மாதிரி.” யோகம்மாவின் குரலில் சட்டென்று ஓர் உயிர்ப்பு வந்தது.

“அப்ப நீந்திக் கரைக்கு வந்திருக்கோணும். சம்பூர்ப் பக்கமோ, புல்மோட்டைப் பக்கமோ, எங்கயெண்டாலும் கரையில சனம் இருக்கு. கண்டதெண்டு ஆராவது சொன்னவையோ?”

“இல்லை.”

“சரி. அப்ப கரைக்கு வரேல்ல.”

யோகம்மா அவசரமாக முன்னால் குனிந்தாள். “ஏதாவது கப்பல்காரர் ஏத்தியிருப்பினம், மிஸ்.”

“ஏத்தினா அடுத்த துறைமுகத்தில அறிவிச்சிருப்பினம். அப்பிடி ஒரு அறிவித்தல் வந்ததோ?”

“இல்லை,” என்றாள் கஜந்தினி. “இந்தியாவில பிடிபட்டு மறியலில இருக்கிற ஆக்களையும் விசாரிச்சுப் பாத்தம். அப்பா அங்கயும் இல்லை.”

கீர்த்தனி தலையசைத்தாள். ஜன்னலுக்குக் கீழே, நகரத்துக்குள் திரிகிற மான்கள் இரண்டு குப்பைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன. யோகம்மா அவற்றையே பார்த்தாள். பார்க்கிறாளா என்பதும் தெரியவில்லை.

“தலையில அடிபட்டு, எங்கட போன் நம்பரை மறந்திருக்கலாம்தானே, மிஸ்?”

கீர்த்தனி பதில் சொல்ல வாயெடுத்தபோது அவளுடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். முதல் மணி முடியுமுன்பே எடுத்துவிட்டாள். “ஹலோ? ஹலோ, ஆர் கதைக்கிறது?”

கேஸ் கடையா என்று யாரோ கேட்டார்கள். “இல்லை, நம்பர் பிழை,” என்றாள். அந்தப் பக்கம் வைத்த பிறகும் கொஞ்சநேரம் போனைக் காதிலேயே பிடித்திருந்தாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள்.

“நம்பரை மறக்கலாம், அம்மா. ஊரை மறப்பாரோ? உங்களை மறப்பாரோ?”

“என்னை மறக்கமாட்டார்.”

“அப்ப, உயிரோட இருந்தா வந்திருப்பார். வர ஏலாட்டி ஆரிட்டையாவது சொல்லி அனுப்பியிருப்பார். ரெண்டும் நடக்கேல்ல.” கீர்த்தனி சற்று நிறுத்தினாள். “அப்ப, அம்மா?”

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது.

“அப்ப... அவர் இல்லை.”

இத்தனை காலத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. கஜந்தினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். யோகம்மாவுக்கு அழுகை வரவில்லை. சொன்னது வேறு யாரோ போலிருந்தது. பேனையை வாங்கி, காட்டிய இடத்தில் பெயரை எழுதினாள். விரல்கள் அசைந்தன, அவற்றில் உணர்ச்சி இல்லை.

கீர்த்தனி ஒரு கிளாசில் தண்ணீர் வார்த்து அவளிடம் நீட்டினாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து முத்திரை குத்தினாள். அவளுடைய முகம் அவர்கள் வந்தபோது இருந்தபடியேதான் இருந்தது.

மகளின் கையைப் பிடித்து எழுந்த யோகம்மா, வாசலுக்குப் போய் நின்று திரும்பினாள். கீர்த்தனியின் நெற்றிக் குங்குமத்தில் அவள் கண் போயிற்று.

“விளங்கிற மாதிரிச் சொன்னியள், மிஸ். எனக்கு இப்பிடி ஒருத்தரும் சொல்லேல்ல. உங்கட மனுசன் என்ன வேலை?”

“அவருக்கும் கடல்தான்.”

“இப்ப கடலிலயோ நிக்கிறார்?”

“ஓம்.”

“எப்ப போனவர்?”

“மகள் பிறக்க முதல்.”

யோகம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்ப பச்சைப்பிள்ளைக்காரியே நீங்கள்! பிள்ளை எப்பிடி இருக்கிறா?”

“நல்லா இருக்கிறா. இந்த வருசம்தான் ஸ்கூலில சேர்த்தனான்.”

யோகம்மா மகளின் கையை விட்டாள். மெல்ல நடந்து மறுபடியும் மேசையருகே வந்து நின்றாள். முத்திரையின் மை காயாத தாளைப் பார்த்தாள், பிறகு கீர்த்தனியைப் பார்த்தாள்.

“மிஸ்... அப்ப நீங்கள் இப்பிடி ஒரு தாளில இன்னும் கையெழுத்து வைக்கேல்லையோ?”

கீர்த்தனி அந்தத் தாளை எடுத்து மற்றவற்றோடு அடுக்கினாள். தலை நிமிரவில்லை.

“அவர் வருவார், அம்மா.”