எல்லாருக்கும் ஒரே பாத்திரம்

முட்டி இரண்டும் வலியில் தெறித்தன.

ஞாயிற்றுக்கிழமை என்று மைசூர்ச் சாக்கடைகள் லீவு எடுப்பதில்லை. விடியலிலேயே போய்த் தூர் வாரிவிட்டு, வீட்டுக்கு வந்து சோப்புக் கரையக் கரையத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் செல்லக்கண்ணு கோயிலுக்கு வந்திருந்தாள்.

பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியைப் பிடித்து மெல்ல முழங்காலிட்டாள். வரிசையில் அவள்தான் கடைசி.

திருவிருந்தில் திராட்சை ரசம் கொடுக்கும் புது வெள்ளிப் பாத்திரத்துக்கு இன்றுதான் முதல் நாள். கொரோனாவில் நுழைந்த குட்டிப் பிளாஸ்டிக் கப்புகள் இன்றோடு ஒழிந்தன என்று பிரசங்கத்தில் சொன்னார் போதகர். இங்கிலீஷில் இதைச் சாலிஸ் என்பார்களாம். கிண்ணம் என்றுதான் அர்த்தமாம். ஆனால் வீட்டில் கிண்ணம் ஆளுக்கொன்று, சபையில் எல்லாருக்கும் ஒன்று, அதில் குடிக்கிற அத்தனை பேரும் ஒரே குடும்பம், அதுதான் அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

செல்லக்கண்ணு தலையாட்டிக் கேட்டாள்.

பாத்திரம் வாய் வாயாக நகர்ந்து வந்தது. ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவருக்குச் சாய்த்தார் போதகர். பக்கத்தில் இருந்த வைஷாலி டீச்சரும் குடித்தாள். ஆராதனை முழுக்க இருமிக்கொண்டே இருந்தவள்.

செல்லக்கண்ணு முகத்தை நிமிர்த்தினாள்.

பாத்திரம் வரவில்லை. ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கப் வந்தது.

“உங்களுக்கு இதும்மா. சாக்கடை வேலை பாக்கறீங்க… எல்லாரோட ஆரோக்கியமும் பாக்கணுமில்ல,” என்றார் போதகர், அடுத்தவருக்குக் கேட்காத குரலில்.

“ஏனுங்கய்யா, எல்லாத்துக்கும் ஒன்னுதான்னு இப்பத்தானுங்க சொன்னீங்க?” அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது.

வைஷாலி அவள் முழங்கையைத் தொட்டாள். “ஹோக்லி பிடி, அக்கா.”

போகட்டும் விடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். ஈர உதட்டோடு சொல்வது சுலபம்.

செல்லக்கண்ணு கப்பைத் தொடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. சபை பாடிக்கொண்டிருந்த பாட்டும் முடிந்துவிட்டது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் பாத்திரத்தையே பார்த்தாள்.

அதைச் செய்யப் பழைய வெள்ளி கேட்டு வீடு வீடாக வந்தது இதே போதகர்தான். அன்றும் அவள் வேலையில் இருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். குளித்திருக்கவில்லை. காலில் சேறு காய்ந்திருந்தது. கொடுக்க வேறு வெள்ளி இல்லாததால் நின்ற இடத்திலேயே கொலுசைக் கழற்றினாள். கழுவித் தருகிறேன் என்றுகூடச் சொன்னாள். வேண்டாம் என்று இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

இத்தனை பேர் வாய் வைத்தது அந்தக் கொலுசிலும்தான்.

போதகர் திரும்பிக்கொண்டார். மிச்சம் வைக்கக் கூடாது என்பது முறை. மீதி இருந்ததைத் தானே அண்ணாந்து குடித்தார். விளிம்பைத் துடைத்தார். வெள்ளைத் துணி போட்டு மூடினார்.

செல்லக்கண்ணுவுக்கு ஒரு வாய் திராட்சை ரசம் பாக்கி.