பஞ்சோடு வந்த காயம்

"கடிச்சது பூனைதான்னு நிச்சயமா தெரியுமா?"

"நான்தான் பக்கத்துலயே நின்னு பார்த்தேனே சிஸ்டர்... அதாவது, என் கையைத்தானே கடிச்சுது. தெரியாம இருக்குமா?"

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வந்திருந்தவர் போர்டு எழுதும் பெயின்டர். கடைத்தெருவில் புதிதாகக் கொட்டகை போட்டிருப்பதாகச் சொன்னார். நகக்கண்ணில் நீலம், காதோரம் மஞ்சள். இடது கையைக் கைக்குட்டையில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். கிளினிக்கில் வேறு யாரும் இல்லை. டாக்டர் உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் காலையிலிருந்தே எதைக் கண்டாலும் எரிச்சலாக இருந்தது. இந்த வெயிலில் எதற்கு முழுக்கைச் சட்டை என்று கேட்ட பாவத்துக்கு, வீட்டுக்காரர் டீயைக்கூடக் குடிக்காமல் விறுவிறுவென்று கிளம்பிப் போய்விட்டார். அந்தக் கோபத்தை யார்மேலாவது இறக்கி வைக்க வேண்டாமா?

"காட்டுங்க" என்று கைக்குட்டையைப் பிரித்தாள்.

கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு சின்னப் புள்ளிகள். சுற்றிலும் செக்கச்செவேலென்று சிவப்பு. அதிலிருந்து ஒரு கோடு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. பக்கத்தில் பிறை போல ஏதோ பழைய தழும்பு. கோட்டைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது.

"எப்ப கடிச்சுது?"

"முந்தாநேத்து."

"முந்தாநேத்தா! அப்பவே சோப்பு போட்டு, குழாயைத் திறந்துவிட்டு நல்லா கழுவினீங்களா?"

"துணியால துடைச்சாரு... துடைச்சேன்."

"நல்லா துடைச்சீங்க போங்க! பூனைப் பல்லு ஊசி மாதிரிங்க. மேலே ஓட்டை மூடிக்கும், உள்ளே கிருமி குடித்தனம் பண்ணும். பார்க்கச் சின்னதா இருக்கேன்னு நம்பவே கூடாது. சரி, விரலை மடக்குங்க."

பெயின்டர் சட்டென்று மடக்கினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக விரல்களை நீட்டிக்கொண்டு, "மடக்க வரலை சிஸ்டர்" என்றார்.

"இப்பத்தான் மடக்குனீங்க!"

"அது... கடைசியா ஒரு தடவை."

இப்போது அவளுக்கு எரிச்சல் போய் ஆர்வம் வந்துவிட்டது. கையைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சூடு இல்லை. இத்தனை சிவப்பாக இருக்கிற கை இப்படிச் சில்லென்றா இருக்கும்? பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். புள்ளிகள் இரண்டும் பஞ்சோடு வந்துவிட்டன. இன்னொரு இழுப்பில் சிவப்பு, கோடு, தழும்பு எல்லாம் வழித்துக்கொண்டு வந்தன. சிரிப்பதா, திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னங்க இது, விளையாட்டா?"

பெயின்டர் அசடு வழிந்தார். "கோவிச்சுக்காதீங்க. இது என் சிநேகிதர் ஒருத்தர் கை. அவர் வரமாட்டேங்கறார். அதான் பக்கத்துல வச்சுப் பார்த்து அப்படியே வரைஞ்சுட்டேன். நீங்க மாத்திரை குடுத்தா கொண்டுபோய்க் குடுத்துடலாமேன்னு..."

"பழைய தழும்பைக்கூடவா வரையணும்?"

"கண்ணுல பட்டதை விட்டா மனசு கேட்காது சிஸ்டர்."

"அப்ப அந்தக் கோடு? அதுவும் கண்ணுல பட்டதா?"

"ஆமா. நேத்து மணிக்கட்டுக்குக் கீழேதான் இருந்தது. இன்னிக்கு மேலே ஏறிடுச்சு. ராத்திரி குளிர்க்காய்ச்சல் வேறயாம். விரலும் மடங்கலை."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு ஓடியே போய்விட்டது.

"ஐயோ, இதுல ஒண்ணு இருந்தாலே டாக்டர்கிட்ட ஓடிவரணுங்க! கோடு மேலே ஏறுதுன்னா கிருமியும் ஏறுதுன்னு அர்த்தம். இன்னும் தள்ளிப்போட்டா கை போயிடும், உசிருக்கே ஆபத்து. வெறிநோய் ஊசியும் போட்டாகணும். மாத்திரையை வாங்கிட்டுப் போற காயமா இது?"

"கை போனா அவர் பிழைப்பே போச்சே!" என்று பெயின்டர் பதறினார்.

"அப்புறம் ஏன் வரமாட்டேங்கறார்?"

"வீட்டம்மாவை நினைச்சுத்தான் பயம். அவங்களுக்குப் பூனைன்னாலே ஆகாதாம். இவர் பாசத்துல என் கொட்டகையில வச்சு ஒளிச்சு ஒளிச்சுப் பால் ஊத்துறார். காயத்தைப் பார்த்தா விஷயம் தெரிஞ்சுடும் இல்லையா?"

"பூனை யாருக்குத்தான் ஆகும்? வீடெல்லாம் முடி. அதுக்காக, கட்டின புருஷன் கடிபட்ட கையைக் காட்டப் பயப்படுற அளவுக்கா மிரட்டி வைக்கிறது? சரியான ராட்சசியா இருப்பா போல!"

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க சிஸ்டர். நல்லவங்கதான். கோபம் மட்டும் கொஞ்சம்..."

"நீங்க என்ன அவங்களுக்கு வக்காலத்தா? இப்பவே அவரைக் கூட்டிட்டு வாங்க. அந்தம்மாவை நான் பார்த்துக்கறேன். ஒரு வார்த்தை பேச விடமாட்டேன்."

"நிஜமாவா? பேச்சு மாற மாட்டீங்களே?"

"சத்தியமா மாற மாட்டேன்."

பெயின்டர் இதற்காகவே காத்திருந்தவர் போலத் துள்ளி எழுந்தார். வாசல் கதவைத் திறந்து, "உள்ளே வாங்க! அவங்களே சத்தியம் பண்ணிட்டாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் தலையைக் குனிந்தபடி, தயங்கித் தயங்கி உள்ளே வந்து கையை நீட்டினார்.

"டாக்டர்!" என்று நர்ஸ் போட்ட சத்தத்தில் உள்ளே போன் பேச்சு நின்றது. இதுவும் பெயின்டாகவே இருந்துவிடக் கூடாதா என்ற நப்பாசையில், கண்ணில் நீர் முட்ட, பஞ்சால் மெல்ல ஒற்றிப் பார்த்தாள். புள்ளிகள் போகவில்லை, கோடு போகவில்லை, கல்யாணமான புதிதில் அவளே கைதவறி இஸ்திரிப் பெட்டியால் வைத்த அந்தப் பிறைத் தழும்பும் போகவில்லை.