நிறைந்த வாளி

"உனக்காகத்தானே என் தம்பி குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டான்? அதான் இப்போ புத்தி கலங்கி உட்கார்ந்திருக்கான்," என்றாள் நாத்தனார்.

மூன்றாவது பிரசவத்தில் மரகதம் செத்துப் பிழைத்தபோது, "இவளை இனிக் கத்தி தொட வேண்டாம், எனக்கே பண்ணுங்க," என்று போய்ப் படுத்தவர் சிதம்பரநாதன். இன்று அவருக்கு மனைவியின் பெயர்கூட நினைவில்லை. "அதுக்கும் மறதிக்கும் சம்பந்தமே இல்லம்மா," என்று டாக்டர் சொல்லியும் மரகதத்தின் மனம் ஆறவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழாயடியில் நிறைந்த வாளியைத் தூக்கக் குனிந்தாள். நாற்காலியிலிருந்து சிதம்பரநாதன் பதறி எழுந்து வந்து பிடியைப் பற்றினார்.

"விடு, விடு. பச்சை உடம்பு. நீ தூக்கக் கூடாது."

எழுபது வயது மரகதம் பிடியை அவரிடமே விட்டாள்.

"கேட்டீங்களா அண்ணி?" என்றாள்.