சல்லடையில் இறங்கிய குண்டு

ஓர் இயந்திரத்துக்குள், கடுகளவு எஃகுக் குண்டுகள், லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டைகள்மேல் மழையாகப் பாய்ந்துகொண்டிருந்தன. புதிய பட்டை ஒன்று அழுதது. "நான் என்ன தப்பு செஞ்சேன்? எதுக்கு இப்படி அடிக்கிறீங்க?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி," என்றது ஒரு குண்டு. "நாங்க உருண்டை. பட்டா சின்னக் குழிதான் விழும், கீறாது. உன் மேல்பக்கம் நல்லா இறுகிடும். அப்புறம் பாரம் ஏறினாலும் லேசுல விரிசல் விடமாட்டே."

பட்டை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

அடுத்த வீச்சில் அந்தக் குண்டின் ஒரு பக்கம் பெயர்ந்து, கத்திபோல் கூராகிவிட்டது. அடித்துக் கீழே விழும் குண்டுகள், மறுபடி பாய்வதற்காக மேலேறும் வழியில் ஒரு சல்லடை உண்டு. உடைந்து சிறுத்தவை அதன் ஓட்டையில் விழுந்துவிடும்; பிறகு மேலே வர வழியில்லை.

"எங்க நடுவுல ஒளிஞ்சுக்கோ. நீ இல்லாம நாங்க எப்படி?" என்றது கூட்டாளிக் குண்டு.

உடைந்த குண்டு அவற்றின் நடுவே ஒளிந்துகொண்டது. சல்லடையில் பாதி தூரம் கடந்தும்விட்டது. அங்கிருந்து பார்த்தால், பட்டை இன்னும் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.

"நான் இப்போ பட்டா அது உடம்பு கீறிடும்," என்று சொல்லிவிட்டு, குண்டு விலகி ஓட்டைக்குள் இறங்கியது.

கீழே கிடந்த உடைசல் ஒன்று கேட்டது: "மேலே ஒளிய இடம் கிடைக்கலையா?"

"கிடைச்சுது," என்றது குண்டு.