மந்தியின் காவல்

சிறுத்தை வருவதைக் கண்டால் மரத்தின் மேலிருந்து மந்தி கத்தும். கீழே மேயும் மான்கள் ஓடிவிடும். பட்டினி கிடந்து சலித்துப்போன சிறுத்தை ஒருநாள் மலை தாண்டிப் போய்விட்டது. அதன்பிறகு அந்தக் காட்டில் யாருக்கும் பயமில்லை.

மான்கள் பெருகின. புல் வேரோடு போயிற்று. மான்கள் பின்னங்காலில் எம்பி நின்றால் எட்டுகிற உயரம்வரை எந்த மரத்திலும் ஓர் இலைகூட மிஞ்சவில்லை.

பனி இறங்கிய ஒரு விடியலில் தாய்மான் ஒன்று அண்ணாந்து கேட்டது. "அக்கா, ஒரு கொத்துத் தழை போடேன். குட்டிக்குக் கொடுக்க மடியில் பால் இல்லை."

"எனக்கே கொழுந்து இல்லையடி. முளைத்த கன்றையெல்லாம் உங்கள் கூட்டம் மரமாக விட்டதா?" என்றது மந்தி.

அப்போது பனிக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்தது. கனவில் நடப்பதுபோல் ஓசையில்லாமல் ஓடைக்கரையில் இறங்கியது. போன சிறுத்தைதான். மந்தி கத்துவதற்கு வாயைத் திறந்தது.

தாய்மானும் பார்த்துவிட்டது. குட்டியைத் தன் வயிற்றுக்கு அடியில் ஒதுக்கி மறைத்துக்கொண்டது. வெறும் மண்ணை முகர்ந்துகொண்டிருந்த தன் கூட்டத்தை ஒருமுறை பார்த்தது.

"கொஞ்சம் பொறு, அக்கா" என்றது.